இணையவழி வகுப்பும் இளஞ்சிறார் நட்பும்: பெற்றோர் அறிய வேண்டியவை

கொரோனா பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச் மாதம் தமிழ்நாட்டில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. 2020-ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் சேர்ந்த ஒரு குழந்தை, தன் வகுப்புத் தோழரின் பக்கத்தில் முதன்முறையாக அமர்ந்தபோது இரண்டாம் வகுப்பில் ஏறத்தாழப் பாதியைக் கடந்திருந்தது. மழலையர் பள்ளிகள் திறக்கப்பட 2022 பிப்ரவரி ஆயிற்று.

அந்த நவம்பரில், தினமும் காலையில் வயிற்று வலி என்று ஓர் ஏழு வயதுச் சிறுமியை ஓசூரை அடுத்த பகுதியிலிருந்து அழைத்து வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வலி வருவதில்லை என்று தாய் சொல்லியும் நான் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. குடற்புழு நீக்க மாத்திரையுடன் அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் அதே வலியுடன் மீண்டும் வந்தாள். அப்போதுதான், வகுப்பில் உன் கூட்டாளிகள் யார் யார் என்று கேட்டேன். தயங்காமல் நான்கைந்து பெயர்களைச் சொன்னாள். அவற்றுள் இரண்டு, பெரியவர்களின் பெயர்கள். கைபேசித் திரையில் ஒவ்வொரு முகத்தின் கீழும் தெரிந்த பெயரைத் தாய் படித்துச் சொல்ல, அதையே அவள் மனத்தில் பதித்திருந்தாள். அப்பெயர்களில் சில, கைபேசிக்கு உரிய தந்தையரின் பெயர்கள். வகுப்பறையில் ஒரு பையனை அவன் அப்பாவின் பெயரைச் சொல்லி அழைத்தபோது எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். வலி அன்றைக்குத் தொடங்கியது.

பள்ளிகள் திறந்துவிட்டன, இணையவழி வகுப்பு மறையவில்லை. மழை விடுமுறை நாள்களிலும், மாலை நேரத் தனிப்பயிற்சியிலும், அபாகஸ், ஓவியம், இந்தி போன்ற வகுப்புகளிலும் அது நிலைத்துவிட்டது. இவ்வகுப்புகளில் மூன்று முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு நட்பு அமையப் பெற்றோரும் ஆசிரியரும் என்ன செய்யலாம் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

பாடத்தின் இடைவெளியில் வளரும் நட்பு

இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் அருகருகே அமர்ந்து தனித்தனியே விளையாடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒரு குழந்தை மண்ணைக் குவிக்கும், மற்றதும் மண்ணைக் குவிக்கும், பேச்சு இராது. மில்ட்ரெட் பார்ட்டன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1932-இல் வெளியிட்ட ஆய்வில் இதனை இணை விளையாட்டு என்று வகைப்படுத்தினார். வயது ஏற ஏற, நான்கு ஐந்து வயதளவில், 'நீ கடைக்காரன், நான் வாங்க வருகிறேன்' என்று பங்கு பிரித்துக்கொண்டு ஆடும் கூட்டு விளையாட்டு மிகுகிறது. இவ்வயதில் நண்பர் என்பவர் உடன் விளையாடுபவர், அவ்வளவே. நம்பிக்கை, இரகசியம் காத்தல் போன்றவையெல்லாம் பள்ளிப் பருவத்தின் பிற்பகுதியில் மெல்ல மெல்லச் சேர்பவை.

பள்ளியில் இது பாட நேரத்தைவிட இடைவேளையில்தான் மிகுதியாக நிகழ்கிறது. வரிசையில் நிற்கும்போது, தண்ணீர்க் குழாயடியில், அழிப்பானைக் கடன் கேட்கும்போது, மதிய உணவுத் தட்டுடன் அமரும்போது, ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நொடியில் பக்கத்துப் பிள்ளையின் காதில் எதையோ சொல்லும்போது. இணையவழி வகுப்பு பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. இந்த இடைவெளிகளை விட்டுவிட்டு வருகிறது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஒலிவாங்கியை அணைத்து வைக்கச் சொல்வது தவிர்க்க இயலாதது. ஆனால் அதன் விளைவாக, குழந்தை பேசுவதெல்லாம் ஆசிரியரிடம், அதுவும் அனைவர் முன்னிலையில் என்றாகிவிடுகிறது. கிசுகிசுக்க வழியில்லாத இடத்தில் நட்பு முளைப்பது கடினம்.

தொழில்நுட்பத்தின் இயல்பும் குழந்தைக்கு எதிராகவே உள்ளது. மனிதர் நேரில் உரையாடும்போது, ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே செல்வதாக, பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இணைய இணைப்பில் ஒலி சென்று சேர்வதில் சிறு தாமதம் ஏற்பட்டாலே இந்தத் தாளம் குலைந்துவிடுகிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஐந்து வயதுக் குழந்தையோ, தான் கேட்டதற்கு எதிர்ப்பக்கத்துப் பிள்ளை பதில் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்ளும். கண்ணுக்குக் கண் பார்ப்பதும் அமைவதில்லை. திரையில் தெரியும் கண்களைப் பார்த்தால், மேலே உள்ள கேமராவுக்குக் குழந்தை குனிந்து கொண்டிருப்பதாகத் தோன்றும். உங்கள் குழந்தை இணையவழி வகுப்பில் ஒட்டாமல் இருந்தால், முதலில் இவற்றை எண்ணிப் பார்த்த பிறகே கூச்சம் என்றோ அலட்சியம் என்றோ முடிவு கட்டுங்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் தனிநிலை

1970-களில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்தது முதல் ஓசூர்ப் பகுதி வேலை தேடி வருவோரின் ஊராக வளர்ந்துவந்துள்ளது. இங்குப் பல குடும்பங்களுக்குத் தாத்தா, பாட்டி, அத்தை, சித்தப்பா பிள்ளைகள் எல்லாம் வேறு மாவட்டத்திலோ வேறு மாநிலத்திலோ இருக்கிறார்கள். ஊரில் ஒரு குழந்தைக்கு உறவுக்காரப் பிள்ளைகள் கொடுக்கும் பழக்கத்தை, இங்கு வகுப்புத் தோழர்கள்தாம் கொடுத்தாக வேண்டும். எனவே வகுப்பில் நட்பு அமையாதது இக்குழந்தைகளை மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தாக்குகிறது.

இரண்டாவது, ஷிப்டு. ஆலைக்கு ஆலை நேரம் சற்று மாறினாலும், அதிகாலை ஷிப்டுக்குச் செல்பவர் பிற்பகலிலும், பிற்பகல் ஷிப்டுக்குச் செல்பவர் இரவு குழந்தை உறங்கிய பின்னரும் வீடு திரும்புகிறார். வீட்டில் இருப்பது ஒரே கைபேசி என்றால் அதுவும் அவருடன் சென்று அவருடன்தான் திரும்புகிறது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் வகுப்பு நேரத்தில் கைபேசி ஆலையில் இருந்ததால் ஒரு வாரம் வகுப்பில் இருந்து மறு வாரம் காணாமற்போன பிள்ளைகள் பலர். மற்றப் பிள்ளைகளின் பார்வையில், வந்து வந்து மறையும் முகத்துடன் எப்படி நட்புக் கொள்வது? அரசு கல்வித் தொலைக்காட்சியில் பாடங்களை ஒளிபரப்பியது பாடத்துக்குப் பெரிதும் உதவியது. தொலைக்காட்சி வழியே இன்னொரு குழந்தையுடன் பேச முடியாது என்பது அதன் குறை அன்று, இயல்பு.

மூன்றாவது, மொழி. ஒரே வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் பிள்ளைகளும், அண்மைக் காலமாக இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் தொழிலாளர்களின் பிள்ளைகளும் அமர்கிறார்கள். விளையாட்டுத் திடலில் மொழி ஒரு தடையே அன்று. இரண்டு நாளில் சைகையும் சிரிப்புமாக வழி கண்டுகொள்வார்கள். திரையிலோ பேச்சு ஒன்றே வழியாக இருப்பதால், வகுப்பு மொழியை வீட்டில் பேசாத குழந்தை வாயடைத்துப்போகிறது.

ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும். வீட்டில் இரண்டு மூன்று மொழிகள் புழங்குவதால் குழந்தைக்குப் பேச்சுத் தாமதம் ஏற்படாது. 'பிள்ளை குழம்புகிறது, தாய்மொழியை நிறுத்திவிடுங்கள்' என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் குழந்தையுடன் நிறையப் பேசுங்கள்.

ஒரு தோழர், ஒரே நேரம், கையில் ஒரே பொருள்

நாற்பது முகங்களுடன் பழகும்படி ஒரு சிறு குழந்தையைக் கேட்க முடியாது. ஒரே ஒரு தோழரைத் தேர்ந்தெடுங்கள். யாரை என்பதை ஆசிரியரிடம் கேட்கலாம். குழந்தையே அடிக்கடி சொல்லும் பெயர் இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் குழந்தையின் பெற்றோருடன் நீங்கள் முதலில் பேசிப் பழகுங்கள். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தால்தான் பிள்ளைகளின் நட்பு ஒரு வாரத்தைத் தாண்டும்.

இங்கு நான் பெற்றோருக்கு எப்போதும் கூறுவது: வரிசை எண்ணைப் பார்க்காதீர்கள், ஷிப்டைப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கைபேசி எந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறதோ, அதே நேரத்தில் கைபேசி வீட்டில் இருக்கும் இன்னொரு குடும்பம் கிடைத்தால் அதுவே சிறந்த இணை. ஷிப்டு வாரந்தோறும் மாறினாலும் இருவருக்கும் சேர்ந்தே மாறுமாயின் சிக்கல் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள், பத்து முதல் பதினைந்து நிமிடம் போதும். எப்போது என்பது குழந்தைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நாள்காட்டியில் அந்த நாளைச் சுழித்து வையுங்கள்.

'பேசுங்கள்' என்று சொல்லி இரு குழந்தைகளைத் திரையின் முன் உட்கார வைத்தால், இருவரும் விழிப்பார்கள். 'சாப்பிட்டாயா' என்பதற்கு மேல் பேச்சு போகாது. கையில் வேலை கொடுங்கள். நம் ஊரின் 'ஒற்றையா இரட்டையா' விளையாட்டு இதற்கென்றே அமைந்ததுபோல் உள்ளது. இருவரிடமும் ஒரு குவியல் புளியங்கொட்டை. ஒரு குழந்தை கைக்குள் சிலவற்றை மூடிக்கொண்டு கேட்கும். மற்றது ஊகித்துச் சொல்லும். பிறகு கையை விரித்து இருவருமாக எண்ணுவார்கள். ஒலி தாமதமாக வந்தாலும் ஆட்டம் கெடாது, ஏனெனில் காத்திருப்பதே அதன் சுவை. எண்ணும்போது ஒரு பிள்ளை 'மூன்று' என்றும், தெலுங்குப் பிள்ளை 'மூடு' என்றும், கன்னடப் பிள்ளை 'மூரு' என்றும் சொல்லும்போது வரும் சிரிப்பில் மொழிக் கூச்சம் பெரும்பாலும் போய்விடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும், அதனினும் சிறிய தம்பி தங்கை உள்ள வீட்டிலும் புளியங்கொட்டை வேண்டாம். மூக்கிலும் தொண்டையிலும் சிக்கும். பெரிய மரக்கட்டைகளையோ கரண்டிகளையோ பயன்படுத்துங்கள்.

இருவரும் ஒரே நேரத்தில் ஒரே படத்தை வரைவது, இருவரும் ஒரே நாளில் வெந்தயம் விதைத்து முளைப்பதைக் காட்டிக்கொள்வது, 'என் வீட்டில் சிவப்பாக ஒன்று இருக்கிறது, நீயும் ஒன்று கொண்டு வா' என்று ஓடவிடுவது ஆகியவையும் நன்றாகவே பயன்படுகின்றன. குழந்தை எழுந்து ஓடினால் தடுக்காதீர்கள். ஓடிப்போய்த் திரும்பி வருவதும் விளையாட்டின் பகுதியே.

அஞ்செட்டி, தளி மலைப்பகுதி ஊர்களில் காணொளிக்குப் போதிய சிக்னல் கிடைக்காத வீடுகள் உண்டு. அவ்வீடுகளில் வாட்ஸ்அப் குரல் பதிவைப் பயன்படுத்தலாம். ஒரு குழந்தை ஒரு விடுகதையைப் பதிந்து அனுப்ப, அது எப்போது சென்று சேர்கிறதோ அப்போது மற்றது விடையைப் பதிந்து அனுப்பட்டும். நேரடி உரையாடலில் திணறும் கூச்ச சுபாவக் குழந்தைகளுக்கு இது காணொளியைவிட நன்றாகப் பொருந்துவதைக் கண்டிருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி பதியலாம் அல்லவா?

நீங்கள் அருகில் இருக்க வேண்டும், இடையில் வரக்கூடாது. 'ஹாய் சொல்லு, பாட்டுப் பாடிக் காட்டு' என்று தூண்டத் தொடங்கினால் அது அரங்கேற்றமாகிவிடும். சிறு சண்டை வந்தால் உடனே அழைப்பைத் துண்டிக்காதீர்கள். 'அவனுக்குக் கேட்டிருக்காது, இன்னொரு முறை சொல்' என்ற ஒரு வாக்கியம் பெரும்பாலான சண்டைகளைத் தீர்க்கும், ஏனெனில் பெரும்பாலும் அதுதான் உண்மை.

திரையை விட்டு வெளியே

இணையத்தில் தொடங்கிய நட்பை எவ்வளவு விரைவில் நேர்ச் சந்திப்பாக மாற்ற முடியுமோ அவ்வளவு விரைவில் மாற்றுங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் இது எளிதாக இல்லை. ஓசூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள அத்திப்பள்ளியில் வசித்த வகுப்புத் தோழரைக் காண, மாநில எல்லை கடக்க இ-பாஸ் தேவைப்பட்ட நாள்கள் இருந்தன. இன்று அத்தகைய தடை ஏதும் இல்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு, பூங்காவிலோ கோயில் வளாகத்திலோ அரை மணி நேரம் இருவரும் ஓடியாடினால், அது பத்து அழைப்புகளுக்கு ஈடாகும். முதல் சந்திப்பில் குழந்தை உங்கள் பின்னால் ஒளிந்துகொண்டால் கவலைப்பட வேண்டாம். திரையில் கழுத்துவரை மட்டுமே கண்ட தோழர் தன்னைவிட ஒரு சாண் உயரமாக இருப்பதைப் பார்த்து வியந்து நிற்கும் பிள்ளைகள் உண்டு. கால் மணி நேரம் பொறுங்கள்.

நீங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் உள்ள பிள்ளைகளையும் மறவாதீர்கள். வேறு பள்ளி, வேறு மொழி என்பதற்காக அவர்களைக் கணக்கில் சேர்க்காத பெற்றோரை அடிக்கடி காண்கிறேன். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், கற்றல் இழப்பை ஈடுசெய்வதையே நோக்கமாகக் கொண்டது. ஆயினும் மாலை நேரத்தில் ஒரே தெருவின் பிள்ளைகள் ஒரு தன்னார்வலரைச் சுற்றி வட்டமாக அமர்ந்தது, பாடத்துக்கு அப்பாலும் அவர்களுக்கு நன்மை செய்தது என்பது ஒரு மருத்துவராக என் கருத்து.

ஆசிரியர்களுக்கு

வகுப்பு தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே இணைப்பைத் திறந்து வைத்து, அந்த ஐந்து நிமிடமும் அனைவரின் ஒலிவாங்கியும் திறந்திருக்க அனுமதியுங்கள். இரைச்சலாகத்தான் இருக்கும். இருவர் அல்லது மூவர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, அதே குழுவை மூன்று வாரமேனும் மாற்றாமல் வையுங்கள். சிறு குழுவிலும் ஒரு பெரியவரின் கண்காணிப்பு இருக்க வேண்டும். திரையில் பெற்றோரின் பெயருக்குப் பதிலாகக் குழந்தையின் பெயர் தெரியும்படி மாற்றச் சொல்லுங்கள். இந்தச் சிறு மாற்றம் எவ்வளவு பெரிது என்பதை எனக்கு அந்தச் சிறுமி கற்றுக்கொடுத்தாள்.

எவ்வளவு நேரம்? எவ்வளவு பாதுகாப்பு?

ஒன்றிய கல்வி அமைச்சகம் 2020 ஜூலையில் வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டுதல், மழலையர் வகுப்புகளுக்கு ஒரு நாளில் 30 நிமிடத்துக்கு மேற்படக்கூடாது என்றும், ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேற்படக்கூடாது என்றும் வரையறுத்தது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் அமர்ந்தபடி திரை பார்ப்பது ஒரு நாளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. எனவே தோழருடன் பேசும் நேரத்தைக் கூடுதல் சுமையாக ஏற்றாமல், தனியே காணொளி பார்க்கும் நேரத்திலிருந்து எடுத்துக்கொடுங்கள்.

அழைப்பு, வீட்டில் எல்லாரும் நடமாடும் இடத்திலேயே நடக்கட்டும். குழந்தைகளின் உரையாடலைப் பதிவு செய்வதோ, மற்றொரு பிள்ளையின் படத்தை எடுத்து ஸ்டேட்டஸில் வைப்பதோ கூடாது. எதிர்ப்பக்கத்தில் அறிமுகமில்லாத பெரியவர் தோன்றினால் உடனே துண்டித்து, அந்தப் பெற்றோரிடம் விசாரியுங்கள். ஐயத்துக்குரிய நடத்தை தெரிந்தால் 1098 என்னும் சிறார் உதவி எண்ணில் தெரிவிக்கலாம்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

நட்பு மெதுவாக அமைவது நோயன்று. ஒரே ஒரு தோழருடன் நிறைவாக இருக்கும் குழந்தைக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. ஆனால் நேரில் பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமை, வீட்டாருடனும் கண் பார்த்துப் பழகாமை, பாவனை விளையாட்டே இல்லாமை, முன்பு பேசிய சொற்களை இழத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். வகுப்பில் பதில் சொல்லாத குழந்தைக்குக் காது கேட்கும் திறனையும் பார்வையையும் முதலில் பரிசோதிக்க வேண்டும். கூச்சம் என்று எண்ணப்பட்டது காதில் சீழ் என்று முடிந்ததும் உண்டு. வீட்டில் தாராளமாகப் பேசும் குழந்தை வெளியிடங்களில் ஒரு மாதத்துக்கு மேலாக ஒரு சொல்லும் பேசாதிருந்தாலும், பள்ளி நாள்களில் மட்டும் வயிற்று வலி, தலைவலி, வாந்தி வந்தாலும் அவசியம் சொல்லுங்கள். வலி பொய் என்று திட்ட வேண்டாம். அச்சத்தால் வரும் வலியும் வலிக்கவே செய்யும்.

தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் வருகிறார்கள். அவர்கள் வரும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால், தேவைப்படுவோர் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்பப்படுவர். அங்குப் பேச்சு, செவித்திறன், நடத்தை தொடர்பான மதிப்பீடு கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களை அழைக்கலாம். ஷிப்டு காரணமாகத் தாயோ தந்தையோ ஒருவர்தாம் வர முடியும் என்றால், குழந்தையுடன் அதிக நேரம் இருப்பவர் வருவது நல்லது. குழந்தை விரும்பி விளையாடும் ஒரு பொருளையும் உடன் எடுத்து வாருங்கள்.